முழுக்கைச் சட்டை

ஆம்புலன்ஸ் சந்துக்குள் திரும்பியபோதும் பீயுன், அப்பாவின் வாய்க்குழாயில் பொருத்திய காற்றுப்பையை அழுத்திக்கொண்டே இருந்தாள். அழுத்தினால் அப்பாவின் நெஞ்சு எழும்பியது, விட்டால் அமுங்கியது. உயிர் மருத்துவமனையிலேயே போய்விட்டது என்பது டாக்டருக்கும் தெரியும், டிரைவருக்கும் தெரியும். ஆனால் தைனான் நகரத்தில் மானமுள்ள மனிதர் தன் வீட்டுக் கூடத்தில்தான் கடைசி மூச்சை விட வேண்டும். அதற்காகப் பிணத்துக்கு மூச்சு.

"நிறுத்திடாதே. எல்லாரும் வாசல்ல நிக்கிறாங்க," என்றான் அண்ணன் குவோஹாவ்.

பீயுன் அழுத்தினாள்.

அப்பா சந்தையில் மீன் விற்றவர். நல்ல நினைவோடு இருக்கும்போதே டாக்டரிடம் சொன்னார்: "எத்தனையோ மீன் வாயிலேருந்து தூண்டில் முள்ளைப் பிடுங்கியிருக்கேன். என் வாயில எதையும் மாட்டிடாதீங்க."

டாக்டர் பணிவாகத் தலையாட்டினார். வெளியே வந்ததும் அண்ணனிடம், "என்ன செய்யலாம்?" என்று கேட்டார்.

"பெத்தவரைச் சும்மா சாக விட்டான்னு ஊரே காறித் துப்பும். குழாய் போடுங்க."

போட்டார்கள். அப்பா பிடுங்கி எறிந்தார். மறுபடியும் போட்டு, இரண்டு கைகளையும் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். அவிழ்க்கப் போன பீயுனை நர்ஸ் தடுத்தாள்.

"அண்ணனைக் கேட்டுட்டு வாங்க."

"அது அண்ணன் கையா?"



வீட்டுக் கூடத்தில், முன்னோர் பெயர் எழுதி வணங்கும் பலகைக்கு முன்னால் அப்பாவைக் கிடத்தினார்கள். "அப்பா, வீட்டுக்கு வந்துட்டோம்!" என்று அண்ணன் அடுத்த தெருவுக்கே கேட்கும்படி கத்தினான். டிரைவர் குழாயை உருவினார். சளியும் ரத்தமும் நாறின.

"கடைசிவரைக்கும் விடலியே! இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும்?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அண்ணன் தேம்பினான். பொய் அழுகை இல்லை. பீயுனுக்கு அதுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

பீயுன் அப்பாவின் உடம்பைத் துடைத்தபோது மணிக்கட்டுகளில் கட்டின தடம் கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது. அண்ணன் அவள் காதருகே குனிந்தான்.

"சித்தப்பா வந்துட்டாரு. அப்பாவுக்கு முழுக்கைச் சட்டை போடு. பொத்தானை மாட்டிடு."

அவள் முழுக்கைச் சட்டையைத்தான் போட்டுவிட்டாள். பிறகு, மீன் வெட்ட உட்காரும்போது அப்பா செய்வதுபோல, சட்டையின் இரண்டு கைகளையும் முழங்கைவரை மடித்துவிட்டாள்.

சித்தப்பா அழுதுகொண்டே குனிந்து அப்பாவின் கையைப் பிடித்தார். அழுகை நின்றது. பிடித்த கையை விடாமல் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார்.