நாகலூர் கடையில் இருந்த பெட்டி

விடியும்போதே டிரம்மில் பூச்சி மருந்து கலக்கினோம். வெறுங்கையால்தான். முழங்கை வரை வெள்ளையாகும், பிறகு எரியும், பிறகு எரிவதும் தெரியாது. காப்பிச் செடியின் தண்டைத் தேங்காய் நாரால் தேய்த்து, பட்டை வழவழப்பானதும் மருந்தடிக்க வேண்டும். மூக்கில் துணி கட்டினால் மூச்சு முட்டும். கட்டாவிட்டால் வாந்தி. சித்தன் ஏழு மணிக்குள் இரண்டு முறை எடுத்துவிட்டான்.

போன அக்டோபரில் இதே மருந்தை அடித்த அங்கப்பன் மத்தியானம் வாயில் நுரை தள்ளி விழுந்தான். ஜீப் மலையடிவாரக் குப்பனூரை எட்டுவதற்குள் செத்துப்போனான். பிரேதப் பரிசோதனையில் எடுத்த குடலையும் ஈரலையும் ஜாடிகளில் போட்டு, பெட்டியில் அடைத்து அரக்கு முத்திரை வைத்து, சர்க்கார் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியதாகச் சொன்னார்கள். விஷம் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. எஸ்டேட்டில் மாரடைப்பு என்று எழுதிக்கொண்டார்கள். இந்த மே மாதம் அவன் விழுந்த வரிசையில் அவன் மனைவி சென்னம்மாள் தண்டு தேய்க்கிறாள்.

முதலாளி ஜீப்பை விட்டு இறங்கவில்லை.

"இந்த மருந்து வேண்டாமுங்க. இல்லாட்டி கையுறையாச்சும் குடுங்க" என்றேன்.

"மருந்து ஆளைக் கொல்லும்னா கவர்மெண்டு சொல்லியிருக்காதா? ரிப்போர்ட் வந்துச்சில்ல?"

"டம்ளர்ல கலக்கித் தரட்டுங்களா? ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க" என்றாள் சென்னம்மாள்.

"வாய் நொம்ப நீளுது." ஜீப் போய்விட்டது.

சாயங்காலம் நாகலூரில் நூர் முகமது பாயின் டீக்கடையில் பேப்பர் பார்த்தோம். சர்க்கார் ஆய்வுக்கூடங்களின் வேலையை விசாரிக்கும் சட்டசபைக் குழு நாளை ஏற்காட்டில் கூடுகிறது. பொதுமக்கள் மனு கொடுக்கலாம்.

"ஆய்வுக்கூடம் இருக்கறது மெட்ராஸ்ல. இங்க எதுக்கு வாராங்க?" என்றான் சித்தன்.

"அங்க வெயிலுங்க" என்றார் பாய்.

சென்னம்மாள் மடியிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்தாள். போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் கொடுத்த நகல். இங்கிலீஷ். கடைசி வரிக்கு மட்டும் அவர் அர்த்தம் சொல்லியிருந்தார். நான் காலேஜைப் பாதியில் விட்டவன். முழுதும் படித்தேன். பெட்டி ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது நவம்பர் நான்கு. ஆய்வு முடிந்தது நவம்பர் பன்னிரண்டு.

டீ ஆற்றிக்கொண்டிருந்த பாயின் கை நின்றது.

"மறுபடி படிங்க தம்பி."

படித்தேன்.

"அந்தப் பெட்டி டிசம்பர் வரைக்கும் இங்கதான் இருந்துச்சு. பஸ் போயிருச்சு, நாளைக்கு எடுத்துக்கறேன்னு போலீஸ்காரர் வெச்சுட்டுப் போனாரு. கார்த்திகை தீபம் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சுத்தான் எடுத்தாரு. இந்தா, இந்த பெஞ்சோரம். மரப்பெட்டி. அரக்கு வெச்சது."

எங்களுக்கு அந்தப் பெட்டியைத் தெரியும். தினமும் அதன்மேல் கிளாஸ் வைத்து டீ குடித்தோம். சென்னம்மாளும் வைத்தாள்.

"சொல்லியிருக்கலாமுல்லீங்க பாய்?" அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"உள்ள என்னன்னு அப்பத் தெரியாது அம்மணி. பின்னாடி தெரிஞ்சுது. ஸ்டேஷனைப் பகைச்சுட்டு இங்க கடை நடத்த முடியுங்களா?"

 அவள் காலி கிளாஸைக் கையிலேயே பிடித்திருந்தாள். எங்கே வைப்பது என்று தெரியவில்லை போலும்.

மறுநாள் விடிந்தபோது யாரும் மருந்து கலக்கவில்லை. ஸ்பிரேயர்களை எஸ்டேட் கேட்டருகே கவிழ்த்து வைத்தோம்.

"இன்னைக்குப் போறவன் என்னைக்கும் வர வேண்டாம்" என்றார் முதலாளி.

"சரிங்க" என்றான் சித்தன். நடந்தோம்.

ஏற்காட்டில் குழு கூடும் விருந்தினர் மாளிகை வாசலில் காவலுக்கு நின்றது, பெட்டியை வைத்துவிட்டுப் போன அதே போலீஸ்காரர்.

"குழு ஏரியில படகுல இருக்காங்க. பதினோரு மணிக்கு மேல பாக்கலாம். கலைஞ்சு போங்க."

"இருக்கறமுங்க" என்றாள் சென்னம்மாள்.

அப்போது பாய் வந்தார். கடையைப் பூட்டிய சாவி கையில் இருந்தது.

"உங்களுக்கு இங்க என்ன வேலை பாய்?"

"நீங்க வெச்சுட்டுப் போன பெட்டியப் பத்திச் சொல்லணுங்க." சாவியை மடியில் செருகிக்கொண்டார். 

போலீஸ்காரர் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. சென்னம்மாள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். பாய் உட்கார்ந்தார். பதினொன்று அடித்தது. பன்னிரண்டும் அடித்தது. கேட் திறக்கவில்லை. யாரும் எழுந்திருக்கவும் இல்லை.