மைனஸ் எண்பத்திரண்டு

தோத்தாத்ரி கண்ணாடிச் சட்டத்தைக் கொண்டுவந்து ஃப்ரீசர் பெட்டியின் மேல், சரியாக எட்மண்டின் நெஞ்சுக்கு நேராக வைத்தார். பெட்டியின் கண்ணாடி வியர்த்திருந்ததால் சட்டம் மெல்ல வழுக்கிக் கால்பக்கம் போயிற்று. பிடித்து நிறுத்தினார். மறுபடியும் வழுக்கியது.

"கிரீஷ், ஒரு கை பிடி. ஃபோட்டோ எடுத்துடலாம்."

அவரோடு வந்திருந்த கிரீஷ் ஒரு கையால் பிடித்தான், மறு கையால் எடுத்தான்.

ஜென்சி அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் காலையிலேயே விண்மீன் மன்றத்தின் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டியாகிவிட்டது. பின்னணியில் ஊதா நிறத்தில் ஏதோ ஒரு விண்மீன் மண்டலம். செயலாளர் தோத்தாத்ரியின் படம் எட்மண்டின் படத்தைவிடப் பெரிது. சந்தேகம் வந்து அவள் விரலால் அளந்து பார்த்திருந்தாள். ஒரு விரற்கடை பெரிது.

"என்ன சார் இது?" என்றாள் அம்மா மெட்டில்டா.

"மன்றத்தோட மரியாதை மேடம். ஒரு நட்சத்திரத்துக்கு சார் பேரை வச்சிருக்கோம். சர்ட்டிஃபிகேட் காலைல ஆன்லைன்ல வந்துச்சு, குரோம்பேட்டைல பிரிண்ட் போட்டு ஃப்ரேமும் பண்ணிட்டோம். கல்லறைல வாசிச்சுட்டு பெட்டிக்குள்ள வச்சிடலாம்."

"அவர் பேர்லயா சார்?" மெட்டில்டா எழுந்தே நின்றுவிட்டாள்.

ஜென்சி தோத்தாத்ரியின் முகத்தைப் பார்த்தாள். அதில் வெட்கத்தைத் தேடினாள், இல்லை. மார்ச் மாதம் வரை, முதல் சனிக்கிழமைதோறும் பள்ளி மைதானத்தில் தொலைநோக்கியை நிறுத்தி ஊருக்கு வானத்தைக் காட்டியவர் எட்மண்ட். வந்தவர்களில் பாதிப்பேர் சனிக் கிரகத்தைப் பார்த்துவிட்டு ஏழரை எப்போது முடியும் என்று கேட்டார்கள். மீதிப்பேர் கண் வைக்க வேண்டிய இடத்தில் செல்போனை வைத்தார்கள். எல்லோருக்கும் அவர் பதில் சொன்னார். கூட்டம் குறைகிறது, பிறந்தநாள் குழந்தைகளின் பேரை நட்சத்திரங்களுக்கு வைத்து சான்றிதழ் கொடுக்கலாம் என்று தோத்தாத்ரி மேடையில் அறிவித்த அன்று, எட்மண்ட் எழுந்தார்.

"அது செல்லாத பேப்பர். வானியல்ல எந்தப் பட்டியல்லயும் அந்தப் பேர் ஏறாது. குழந்தைங்கள ஏமாத்தாதீங்க."

அடுத்த மாத அழைப்பிதழில் அவர் பேர் இல்லை. ஆனாலும் போனார். பொதுமக்களோடு வரிசையில் நின்று, முறை வந்ததும் முப்பது விநாடி பார்த்துவிட்டு நகர்ந்தார். அப்படி நின்றதற்காக ஜென்சி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

இப்போது அதே பேப்பர். அதோடு அவரைப் புதைக்க விடக்கூடாது. இன்றைக்கு அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அம்மாவைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். "அது டூப்பும்மா. இதுக்குத்தானே அப்பா அவங்ககிட்ட சண்ட போட்டார்."

"சும்மா இருடி. அவர் ஆபீஸ்லருந்து ஒருத்தர்கூட வரல. இவங்க வந்திருக்காங்க. சாவு வீட்ல வந்து யாராவது ஏமாத்துவாங்களா?"

ஜென்சி திரும்பிப் போய் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

மூன்றரைக்குச் சவப்பெட்டி வந்தது. கொண்டுவந்தவர் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், ஃப்ரேமோட பரலோகம் போவாரா? கண்ணாடிலாம் உள்ள வைக்கக் கூடாது. பேப்பர மட்டும் உருவிக் குடு."

உருவிய காகிதத்தை மெட்டில்டா வாங்கிக்கொண்டாள். வண்டியில் போகும்போது ஜென்சி அதைப் படித்தாள். எட்மண்ட் என்ற பேர், ஒரு தங்க முத்திரை, நட்சத்திரம் இருக்கும் இடம்: மைனஸ் எண்பத்திரண்டு டிகிரி. தப்பாகப் படிக்கிறோமோ என்று இன்னொரு முறை படித்தாள். மைனஸ் என்றால் தெற்கு. அவர்கள் ஊரான தாம்பரம் வடக்கு அட்சரேகை பதின்மூன்று டிகிரி. தொண்ணூறில் பதின்மூன்றைக் கழித்தாள். மறுபடி கழித்தாள். மைனஸ் எழுபத்தேழைத் தாண்டித் தெற்கே இருக்கும் எதுவும் தாம்பரத்தில் உதிப்பதே இல்லை. மாதந்தோறும் அப்பா முதலில் சொல்லும் பாடம் அது. பத்து வருடம் அவர் பக்கத்தில் நின்றவர்களில் ஒருவர்கூட இந்த எண்ணைப் பார்க்கவில்லை. ஒழுங்காக ஏமாற்றக்கூட இவர்களுக்கு அப்பா தேவைப்பட்டிருக்கிறார்.

கல்லறைத் தோட்டத்தில் மழை விட்டிருந்தது. பாஸ்டர் ஜெபத்தை முடித்ததும் தோத்தாத்ரி சான்றிதழைக் கேட்டு வாங்கி, செருமிக்கொண்டு வாசித்தார். வாசித்துவிட்டு மெட்டில்டாவிடம் கொடுத்தார்.

"எந்தப் பக்கம் சார் இருக்கும்?" என்றாள் அவள்.

"அந்தா, அப்படியே மேல மேடம்." மணிக்கூண்டுக்கு மேலே கையைத் தூக்கினார். "இருட்டினதும் மொட்டை மாடிலருந்து பாருங்க. கிரீஷ், ஆப்ல போட்டுக் காட்டு."

கிரீஷ் எண்ணைத் தட்டிப் போனை வானத்துக்குத் தூக்கினான். திரையின் அம்புக்குறி போன பக்கமெல்லாம் திரும்பினான். தெற்கே திரும்பியதும் கை இறங்க ஆரம்பித்தது. நெஞ்சுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. கடைசியில் போன் குழி ஓரத்து மண் குவியலைப் பார்த்து நின்றது.

"கேலிப்ரேட் ஆகல சார்." காற்றில் எட்டுப் போட்டு ஆட்டினான். மறுபடியும் மண்.

"போன் சரியாத்தான் காட்டுது," என்றாள் ஜென்சி. "அந்த நட்சத்திரம் நம்ம ஊர்ல உதிக்கவே உதிக்காதும்மா. எப்பவும் தரைக்குக் கீழதான். உங்கள்ல ஒருத்தருக்குக்கூட அது தெரியலையா சார்?"

தோத்தாத்ரி காகிதத்தை எட்டிப் பார்த்தார். "சின்ன டெக்னிக்கல் மிஸ்டேக்மா. வேற நட்சத்திரம் மாத்தித் தரச் சொல்றேன்."

சவப்பெட்டிக்காரர் மூடியைத் தாங்கிக்கொண்டு நின்றார். "பேப்பர் உள்ளயா, வெளியவாம்மா? சொல்லிடுங்க."

ஜென்சி அம்மாவைப் பார்த்தாள். மெட்டில்டா குனிந்து எட்மண்டின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். நிமிர்ந்து, மூடச் சொல்லித் தலையசைத்தாள். காகிதம் அவள் கையிலேயே இருந்தது.

பெட்டி இறங்கியது. மெட்டில்டா மூன்று பிடி மண் போட்டாள். ஈரமண் விரலிடுக்குகளில் அப்பிக்கொண்டது. ஜென்சி கைக்குட்டையை நீட்டினாள். அவள் வாங்கவில்லை. சான்றிதழை நடுவில் மடித்து, ஒவ்வொரு விரலாக, நகக்கண் வரைக்கும் துடைத்தாள். இன்னொரு முறை மடித்து அதைத் தோத்தாத்ரியிடம் நீட்டினாள்.

அவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.