கோடை முழுவதும் நீந்தியவன்

இருபது வருடமாகப் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்துப் போடுகிறேன். குறை சொல்பவர்களுக்கு ஒரு கட்டம் போடத் தெரியாது. ஐந்து கட்டத்துக்குச் சொல் அமையாமல் இடித்தால் கிரேக்கப் புராணத்து லியாண்டர் கைகொடுப்பான். வீட்டார் தடுத்த காதலியைப் பார்க்க இரவில் கடலை நீந்தியவன். அவள் ஏற்றிய விளக்கு புயலில் அணைந்தபோது வழி தவறிச் செத்தான். என் குறிப்பு எப்போதும் ஒன்றுதான்: ‘காதலுக்காகக் கடலில் மூழ்கியவன்.’

ஒரு மதியம் மேசையிலேயே கண் அசந்தேன். அவன் உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட வந்து என் தாளின்மேல் உட்கார்ந்தான். கறுப்புக் கட்டங்கள் கரைந்து அலை அலையாகத் தரையில் ஓடின.

“கோடை முழுக்கப் போயிட்டுப் பத்திரமாத் திரும்பி வந்தேனே, அதை யாருமே கேக்க மாட்டீங்களா?”

விழித்ததும் குறிப்பை மாற்றினேன்: ‘கோடை முழுவதும் கடல் கடந்து காதலியைப் பார்த்துவந்தவன்.’

அந்த வாரம் வாசகர்கள் விடை எழுதி அனுப்பிய அட்டைகளில் அந்த ஐந்து கட்டமும் காலி. “செத்தான்னு போட்டாத்தான் சார் ஆளைத் தெரியுது” என்று உதவி ஆசிரியர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரே ஓர் அட்டையில் மட்டும் விடை சரியாக இருந்தது. என் தங்கையின் கையெழுத்து. எங்களை மீறிக் கல்யாணம் செய்துகொண்டவள். அவள் வீட்டுப் படியை நான் மிதித்தது ஒரே ஒரு தடவை, அவள் கணவர் இறந்த அன்று.

ஓரத்தில் எழுதியிருந்தாள்: “அண்ணா, இப்பத்தான் சரியாக் கேட்டிருக்கே.”