ஏற்றத்தில் கேட்ட கேள்வி

வியாழக்கிழமை மதியம் அந்த ஃபோன் வரும்வரை, இந்த வாரம்தான் தன் வாழ்க்கையிலேயே ஒழுங்காகப் போகிற வாரம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மாரத்தானுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. பயிற்சியில் இதுதான் உச்ச வாரம். இதை உருப்படியாகக் கடந்துவிட்டால் அப்புறம் தூரம் குறைந்துகொண்டே வரும், கால்கள் தேறிவிடும் என்று ஓட்டக்குழுவில் சொல்லியிருந்தார்கள். கடந்துவிடுவாள் போலத்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை விடியலில் வேக ஓட்டத்தை முடித்துவிட்டு வந்து மகளை எழுப்பினாள். புதன்கிழமை வேலை முடிந்து பேருந்து ஏறாமல் வீட்டுக்கு ஓடியே வந்தாள். நெரிசலில் பேருந்து ஊர்ந்து வருவதற்கும் அவள் ஓடி வருவதற்கும் நேரம் ஏறத்தாழ ஒன்றுதான் என்று கண்டுபிடித்த நாளில் அவளுக்குப் புதையல் எடுத்த சந்தோஷம். துவைக்கும் இயந்திரம் சுற்றும்போது தொடைத் தசைகளை நீட்டினாள். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நின்றாள்.

"வாயில நுரையோட ஒரு கொக்கு," என்றாள் மகள், குளியலறை வாசலில் நின்று.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் வாண்டு. அந்தப் பெயரை வைத்தது குழந்தையின் அப்பா. அவர் பிரிந்து வேறு ஊருக்குப் போன பிறகும் பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

வாரத்தில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது ஞாயிற்றுக்கிழமையோடுதான். நீண்ட ஓட்டம் காலைப் பொழுதையே விழுங்கிவிடும். குழந்தையை அத்தனை நேரம் தனியாக விட்டுவிட்டு ஓடினால் கால் ஓடும், மனசு வீட்டு வாசலிலேயே நிற்கும். அதற்குத் தீர்வாக வந்ததுதான் சைக்கிள். அவள் ஓடுவாள், பக்கத்திலேயே வாண்டு சைக்கிளில் வருவாள், முன்கூடையில் தண்ணீரும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு. மூச்சு வாங்கும்போது பேச முடியாது என்பதால் கைச்சாடைகள் இருந்தன. எல்லாம் வாண்டுவின் கண்டுபிடிப்பு. உள்ளங்கையை நீட்டினால் தண்ணீர். இரண்டு விரல் காட்டினால் பழம். கட்டைவிரலை உயர்த்தினால் சரி. கையை வீசினால் வேண்டாம்.

வேலை செய்யும் இடத்தில் இதை அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். செயற்கைப் பல் செய்யும் கூடம் அது. பல் மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகளைப் பார்த்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதித்து முழு செட் செய்வது அவள் வேலை. பக்கத்து மேசையில் பீங்கான் பல் செய்கிறவளை எல்லோரும் பீங்கான் அக்கா என்பார்கள்.

"வாராவாரம் நானும் அவளும் மட்டும்க்கா. டிவி இல்ல, ஃபோன் இல்ல. எந்த அம்மாவுக்குக் கிடைக்கும்?"

"என்னடி பேசிக்குவீங்க?"

"ஓடும்போது எப்படிக்கா பேசறது?"

"அப்ப அது பொண்ணு இல்லடி. தண்ணி வண்டி."

கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அந்த வியாழக்கிழமை அவள் ஒரு பெரியவரின் மேல்வரிசைக்கு முன்பற்களைப் பதித்துக்கொண்டிருந்தாள். மெழுகுக் கத்தியைச் சூடாக்கி எடுத்த நேரத்தில் ஃபோன் அடித்தது. வாண்டுவின் அப்பா. பகலில் கூப்பிடுகிறவர் இல்லை. ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"தேங்க்ஸ் சொல்லத்தான் கூப்பிட்டேன்," என்றார்.

"எதுக்கு?"

"நீ சண்டைக்கு வருவேன்னு நெனச்சேன். பாவம், ரெண்டு வாரமா உன்கிட்ட கேக்கவே பயந்துட்டு இருந்தா. அம்மா சரின்னு சொன்னா மட்டும் வா, நீயே கேளுன்னு நான்தான் சொல்லியிருந்தேன். 'ஞாயித்துக்கிழமை கேட்டுட்டேன்பா, அம்மா சரின்னுட்டாங்க'ன்னு அவளே சொன்னா. அதான் இன்னிக்கு இங்க ஸ்கூல்ல போய் அடுத்த வருஷத்துக்கு ஒரு இடம் சொல்லி வெச்சிட்டேன்."

சேர்ந்து வாழ்ந்தபோது அவரை 'நீ' என்றுதான் கூப்பிடுவாள். பிரிந்த பிறகு 'நீங்க' வந்து ஒட்டிக்கொண்டது. இப்போது எதைச் சொல்லி எப்படிக் கேட்பது என்றே தெரியவில்லை.

"ஒரு வருஷம் இருந்து பாக்கட்டும். பிடிக்கலன்னா திரும்பி வந்துடப் போறா. நீ இவ்வளவு பெருந்தன்மையா..."

"ம்," என்றாள். "வேலையா இருக்கேன். அப்புறம் பேசறேன்ங்க."

மெழுகு சொட்டி, பெரியவரின் முன்பல் ஒன்று சாய்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமையா? எப்போது? அவள் அந்தக் காலை முழுவதையும் மனதுக்குள் மறுபடி ஓடிப் பார்த்தாள். பூங்கா வளைவில் ஒன்றும் இல்லை. கால்வாய்க் கரையில் வாண்டு ஒரு நாய்க்குட்டியைக் காட்டினாள். அப்புறம் பாலம். தண்டவாளங்களுக்கு மேலாகப் போகிற நீளமான ஏற்றம். அங்கே மட்டும் வேகமாக ஓட வேண்டும் என்பது பயிற்சி. கையில் கட்டிய ஓட்டக் கடிகாரம் உரக்க நேரம் சொல்லிக்கொண்டிருந்தது. வாண்டு சீட்டிலிருந்து எழுந்து பெடலை மிதித்தபடி இவள் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். வாய் அசைந்தது ஞாபகம் இருக்கிறது. காற்றில் முடி முகத்தில் விழுந்தது ஞாபகம் இருக்கிறது. தன் கட்டைவிரல் உயர்ந்ததும் ஞாபகம் இருக்கிறது.

என்ன கேட்டாள் என்பது மட்டும் ஞாபகத்தில் இல்லை. காதில் வாங்கியிருந்தால்தானே ஞாபகம் இருக்கும்.

அன்று மாலையும் அவள் ஓடினாள். பிற்பாடு யோசித்தபோதெல்லாம் அவளை அதிகம் கூசவைத்தது அதுதான். கையில் ஃபோன் இருந்தது, வீட்டில் மகள் இருந்தாள், ஆனாலும் வியாழக்கிழமைக்கு விதித்த ஓட்டத்தை அவள் விடவில்லை. ஓடினால் தெளிவு பிறக்கும் என்று தனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டாள். வியர்வை வந்தது, தெளிவு வரவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு சாப்பிட்ட பிறகு வாண்டு தன் அலமாரியைச் சுத்தம் செய்தாள். யாரும் சொல்லாமல் தானாக அப்படிச் செய்கிற பெண் அல்ல. புத்தகங்கள் இரண்டு குவியலாகப் பிரிந்தன. எந்தக் குவியல் போகிறது, எது இருக்கிறது என்று தெரியவில்லை. அம்மா கதவில் சாய்ந்து நின்றாள்.

"வாண்டு."

"ம்?"

பேசிவிடத்தான் வந்து நின்றாள். நான் கேட்கவில்லை என்று சொன்னால், பக்கத்திலேயே வந்த பிள்ளையின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாத அம்மா. கேட்டேன் என்று விட்டுவிட்டால், போ என்று சிரித்துக்கொண்டே அனுப்பி வைத்த அம்மா. இரண்டில் எது தேவலாம் என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை.

"சைக்கிள்ல காத்து இருக்கா?"

"காலைலயே அடிச்சிட்டேன்மா."

சனிக்கிழமை பீங்கான் அக்கா அந்தப் பெரியவரின் செட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடி இது? இந்த மனுஷன் சிரிச்சா கடிக்க வர்ற மாதிரி இருக்குமே."

அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அக்கா கை வேலையை நிறுத்தாமல் கேட்டாள்.

"கேக்கலன்னு சொல்லிடேன். அவ்வளவுதானே?"

"சொன்னா நான் அவ பேசறத காதுலயே வாங்கறதில்லன்னு ஆயிடும்க்கா."

"வாங்கினியா?"

அவள் சாய்ந்த பல்லைப் பிடுங்கி, மெழுகை உருக்கி, முதலிலிருந்து பதித்தாள்.

ஞாயிறு காலை. கிளம்பும் முன்பே பேசிவிட வேண்டும் என்று எழுந்தாள். ஆனால் அதற்குள் வாண்டு பாட்டில்களை நிரப்பி, பழத்தைத் துணியில் சுற்றி, சைக்கிளை வாசலில் நிறுத்தி வைத்திருந்தாள். அந்தத் தயாரிப்புக்கு முன்னால் பேச வாய் வரவில்லை. ஓடத் தொடங்கினாள். பூங்கா வளைவு. கால்வாய்க் கரை. இரண்டு தடவை உள்ளங்கையை நீட்டினாள், இரண்டு தடவையும் மூடி திறந்த பாட்டில் கையில் வந்து உட்கார்ந்தது. எத்தனை வாரமாக இந்தப் பிள்ளை இப்படி மூடியைத் திறந்தே கொடுக்கிறது என்று அவள் யோசித்தாள். இன்றுதான் அதைக் கவனித்தாள்.

பாலத்தின் அடிவாரத்தில் அவள் நின்றுவிட்டாள்.

வாண்டு கொஞ்ச தூரம் போய், பக்கத்தில் ஆள் இல்லாததைக் கண்டு பிரேக் பிடித்தாள். சைக்கிளைத் திருப்பி உருட்டிக்கொண்டு வந்தாள்.

"என்னம்மா, கால் பிடிச்சுக்கிச்சா?"

"இல்ல."

"அப்ப வாட்ச்ச நிறுத்தும்மா. டைம் வீணாப் போகுது பாரு."

"போகட்டும்." அவள் பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "போன வாரம் இங்க என்ன கேட்ட வாண்டு?"

வாண்டு பிரேக்கை அழுத்துவதும் விடுவதுமாக நின்றாள்.

"அப்பா ஃபோன் பண்ணாரா?"

"நான் கேக்கல. நீ கேட்டது என் காதுல விழவே இல்ல. கட்டைவிரல மட்டும் தூக்கிட்டேன். மன்னிச்சுக்கோ கண்ணு."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஏத்தத்துல நீ எது கேட்டாலும் கட்டைவிரல்தாம்மா. ஒரு வாட்டி யானை வாங்கலாமான்னு கேட்டேன். சரின்ன. ஸ்கூலக் கொளுத்திடட்டுமான்னு கேட்டேன். அதுக்கும் சரின்ன."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாண்டுவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள்ளேயே அவளுக்குப் புரியத் தொடங்கியது.

"அப்ப வேணும்னேதான் இங்க கேட்டியா?"

ஆமாம் என்று வாண்டு தலையை ஆட்டினாள்.

"வீட்ல கேட்டா உனக்குக் கேக்கும். கேட்டா அழுவ. நீ அழுதா நான் போக மாட்டேன்."

கீழே ஒரு ரயில் போனது. பாலம் லேசாக அதிர்ந்து அடங்கியது.

"உனக்குப் போகணுமா?"

"அங்க ஒண்ணும் ஸ்பெஷல் இல்லம்மா. அப்பா சாயங்காலம் வந்ததும் சும்மா உக்காந்திருப்பாரு. பேசிப் பேசி அறுப்பாரு. சொன்ன ஜோக்கையே சொல்வாரு." வாண்டு கூடையிலிருந்த பாட்டிலை நிமிர்த்தி வைத்தாள். "ஆனா உக்காந்திருப்பாரு."

ஒற்றைக் காலில் நின்று பல் துலக்கிய காலைகள் அவள் கண்முன் வந்தன. ஒரு நிமிஷத்தையும் வீணாக்காமல் மிச்சம் பிடித்தாளே, அந்த மிச்சமெல்லாம் எங்கே போயிற்று?

"நான் மாரத்தான விட்டுடறேன். இன்னியோட. இப்பவே திரும்பி வீட்டுக்குப் போயிடலாம்."

"ஐயையோ!" வாண்டு நிஜமாகவே பதறினாள். "அப்புறம் என்னாலதான்னு ஆயிடும். ஜென்மத்துக்கும் சொல்லிக் காட்டுவ."

"காட்ட மாட்டேன்."

"நீ மாட்ட. உன் மூஞ்சி காட்டும்."

உண்மைதான், அவள் மூஞ்சி காட்டும். தன் அம்மாவின் முகத்தை இவ்வளவு படித்து வைத்திருக்கிற பிள்ளையின் முகத்தில் இரண்டு வாரமாக ஒரு கேள்வி நின்றிருக்கிறது. அதே மேசையில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டும் அவள் கண்ணில் அது படவில்லை.

"சரி, இப்ப கேக்கறேன்," என்றாள் வாண்டு. குரல் சின்னதாகிவிட்டது. "நான் போகட்டுமா?"

இந்த முறை அவள் ஒவ்வொரு எழுத்தையும் கேட்டாள். வேண்டாம் என்றால் பிள்ளை தங்கிவிடும். அது நன்றாகத் தெரிந்தது. அழக்கூட வேண்டாம், கண் கலங்கினால் போதும். வலது கை சுவரின் மேல் இருந்தது. கட்டைவிரலை உயர்த்த அவளால் முடியவில்லை.

"போயிட்டு வா," என்றாள் வாயால்.

வாண்டு அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மூடியைத் திறந்து பாட்டிலை நீட்டினாள், யாரும் கை நீட்டாமலேயே.

அவர்கள் ஏற்றத்தில் நடந்தார்கள். வாண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வேகம் குறைந்துவிட்டது, வேகம் குறைந்துவிட்டது என்று கடிகாரம் நச்சரித்தது. அவள் அதைக் கழற்றிக் கூடையில் வாழைப்பழத்துக்கு அடியில் போட்டாள்.

"யானைக்கு அப்புறம் வேற என்ன கேட்ட?"

"நிறைய கேட்டேன். உனக்கு எதுக்கு?"

"சொல்லேன்."

"பக்கத்து பெஞ்ச்ல குண்டூசின்னு ஒருத்தி, அவகூட சண்டை போட்டேன்ல, நானே போய்ப் பேசட்டுமான்னு கேட்டேன்."

"என்னிக்கு சண்டை? எனக்குத் தெரியாதே."

"மழை வந்துச்சே, அந்த ஞாயித்துக்கிழமை. இங்கதான் சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

வாண்டு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். "அதான் போய்ப் பேசிட்டேன். அது நல்லதாப் போச்சு. அப்புறம் ஒரு நாள், என் மூக்கு அப்பா மூக்கு மாதிரி பெருசாகுதான்னு கேட்டேன்."

"ஆகல. அப்புறம்?"

"அப்புறம்..." வாண்டு யோசித்தாள். "அப்புறம் ஒண்ணு இருக்கு. அத இப்ப கேக்க வேணாம். தானாவே சரியாயிடுச்சு."

என்ன அது என்று அவள் கேட்டாள். வாண்டு சொல்லவில்லை. பாலத்தின் உச்சி தெரிந்தது. வழக்கமாக அதைப் பார்த்ததும் அவள் கால்களுக்குத் தெம்பு வரும். இன்று அவள் நடையை இன்னும் குறைத்தாள்.

"அம்மா, இவ்வளவு மெதுவா நடந்தா சைக்கிள் சாயுது."

"சாயட்டும். நான் பிடிச்சுக்கறேன்," என்று ஹேண்டில்பாரின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.