அம்மாள் குளிர்ந்த வீடு

எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில் எவருக்குத் தும்மல் வந்தாலும் முதலில் என் கதவைத்தான் தட்டுவார்கள். இருபத்தொரு வருடம் ஒரு கிளினிக்கில் நோயாளிகளுக்கு நம்பர் துண்டு கொடுத்தவள் நான். டொக்டருக்குப் பக்கத்தில் இருந்தே பாதி டொக்டர் ஆகிவிட்ட நினைப்பு எனக்கு. காலையில் ஃபிளாட் வட்ஸ்அப் குரூப்பில் ஓர் அறிவுரை போடாவிட்டால் தேத்தண்ணீர் இறங்காது. பூச்சாடித் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், சீனியைக் குறையுங்கள், காய்ச்சல் மூன்று நாள் நீடித்தால் இரத்தம் சோதியுங்கள். எல்லாம் எங்கிருந்தோ வந்ததை வெட்டி ஒட்டியதுதான். மற்றவர்கள் வாசித்தார்களோ தெரியாது, நான் வாசிக்கவில்லை.

எதிர்வீட்டு நிரோஷாவின் மகள் கிஷாலினிக்கு ஒன்பது வயது. ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் தொடங்கியது. செவ்வாய் காலை வயிற்றிலும் கையிலும் சிவப்புச் சிவப்பாகப் பொட்டுகள். நிரோஷா என்னைக் கூப்பிட்டுச் சட்டையை உயர்த்திக் காட்டினாள்.

"இது அம்மாள் வருத்தம், அம்மை. வேப்பிலை கட்டினாக் காணும்," என்றேன். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

அவளுடைய கணவன் சுமன் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். "அக்கா, எதுக்கும் ஒரு பிளட் டெஸ்ட் எடுத்துப் பாப்பமே? இந்த லேனிலை ரெண்டு பேருக்கு டெங்கு."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "அம்மாள் வந்த பிள்ளைக்கு ஊசி குத்துறதோ? உமக்கென்ன விசரோ?"

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவன் வேலைக்குப் போனான். வேப்பிலையை நானே வாங்கி வந்து கதவில் செருகினேன். தாளிக்கக் கூடாது, ஆட்கள் வரக் கூடாது, இளநீர் மட்டும் கொடு என்று சட்டம் போட்டேன். நிரோஷா அத்தனையும் செய்தாள்.

வியாழன் காலை காய்ச்சல் விட்டது. பிள்ளையின் கையைத் தொட்டேன், ஜில்லென்றிருந்தது.

"பாத்தீரே, அம்மாள் குளிர்ந்திட்டா!"

வயிறு நோகுது என்று பிள்ளை சிணுங்கியது. சாப்பிடாத வயிறு நோகத்தானே செய்யும் என்றேன். நிரோஷா கைகூப்பினாள், சாமிக்கோ எனக்கோ தெரியாது. எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைத்து என்ன பயன், பெருமையாகத்தான் இருந்தது.

பின்னேரம் கிஷாலினி இரண்டு தரம் சத்தி எடுத்தாள், குடித்த இளநீர் எல்லாம் வெளியே வந்தது. பிறகு எழுப்ப எழுப்பக் கண் திறக்கவில்லை. சுமன் ஓடிவந்து தூக்க, மூவரும் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டெங்கு என்றாள் அங்கிருந்த இளம் டொக்டர். காய்ச்சல் விடும்போதுதான் பயப்பட வேண்டும், கை குளிர்ந்தது இரத்தத்தின் நீர் உடம்புக்குள் கசிந்ததால் என்று சிங்களத்தில் விளக்கினாள். "செவ்வாயே கொண்டுவந்திருக்கலாமே. வீட்டில் வைத்திருக்கச் சொன்னது யார்?"

நான் நிரோஷாவுக்கு ஓரடி பின்னால் நின்றேன்.

"ஒருவரும் இல்லை. நானேதான்," என்றாள் அவளும் சிங்களத்தில்.

சுமன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பிள்ளை போய்விட்டது.

எட்டாம் நாள் சடங்கு முடியும்வரை அவர்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணீர் ஊற்றினேன். எல்லோரும் என்னை நல்ல அயல் என்றார்கள். அதற்குமேல் தாங்க முடியவில்லை. மறுநாள் எதிர்க் கதவைத் தட்டினேன். நிரோஷா வீடு கூட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன் என்ரை பேரைச் சொல்லேல்லை? நான்தானே மறிச்சனான். சொல்லும், எல்லாருக்கும் தெரியட்டும்," என்று அழுதேன்.

அவள் அழவில்லை. தும்புத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"நீங்க சொன்னீங்க எண்டு சொன்னா, நான் கேட்டனான் எண்டும் சொல்லோணும் அக்கா. பிள்ளையின்ரை தேப்பன் டெஸ்ட் எடுப்பம் எண்டவர். பெத்தவள் நான், அவரை விட்டிட்டு உங்களைக் கேட்டனான்."

கதவைப் பாதி சாத்தினாள்.

"இனி இஞ்சை வராதேங்கோ," என்றாள்.