தனி டம்ளர்

எங்கள் வீட்டில் ஜரினாவுக்கென்று ஒரு அலுமினிய டம்ளர் இருந்தது. கொல்லைப்புறச் சுவரில் ஒரு சின்ன மாடம் உண்டு. அதில் கவிழ்ந்திருக்கும். அவள் அதில்தான் தண்ணீர் குடிப்பாள். வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கல்யாணமாகி நாங்கள் வந்த அன்று கொண்டுபோய் அங்கே வைத்தாள். அவ்வளவுதான்.

எங்களுடையது மேரியில், நகராட்சி அலுவலகத்தில், நடந்த பதிவுக் கல்யாணம். உறவுக்காரர்களுக்கு அம்மா வேறு பெயர் சொன்னாள். மருமகள் பெயர் செல்வாம்பாள், சிதம்பரம் பக்கம். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்கு உண்மை தெரியும். தெரியாததுபோல இருந்தது. ஜரினா என்ற பெயர் அம்மாவின் வாயில் ஒரு நாளும் வந்ததில்லை. நேரே கூப்பிட வேண்டியிருந்தால் "இந்தா" என்பாள்.

எழுபத்தெட்டில் மஞ்சள்காமாலை வந்து ஜரினா இறந்தாள். கல்யாணத்துக்கு வராத அவள் அத்தா அப்துல் மாலிக் மையத்தை எடுத்துப்போய் அடக்கம் செய்ய ஆட்களோடு வந்தார்.

"என் பொண்ணு எரிய மாட்டா," என்றார்.

நான் மறுக்கவில்லை. கபர்ஸ்தானில் மண் போடச் சொன்னார்கள். போட்டேன். அதோடு அவர் என் பக்கம் திரும்பவில்லை. நானும் போகவில்லை.

எனக்கு வேலை ஒரு டுட்டோரியலில். பரீட்சையில் தவறியவர்களுக்கு வரலாறு நடத்துகிறேன். அந்த வருடத்திலிருந்து 'மதங்களின் தோற்றம்' என்று ஒரு பாடம் சேர்ந்தது. மதம் பயத்திலிருந்து பிறந்தது என்று ஒரு கட்சி. செத்தவர்களைக் கும்பிட்டதிலிருந்து பிறந்தது என்று இன்னொரு கட்சி. சிலவற்றைத் தனியே ஒதுக்கி, தொடக் கூடாது என்று வைத்து, அதைச் சுற்றி மனிதர்கள் கூடுவதுதான் மதம் என்று மூன்றாவது. பலகையில் எழுதிப் போட்டேன்.

"சார், பரீட்சைக்கு எத எழுதணும்?" என்றான் பின்வரிசையில் ஒருவன்.

"எது நீளமோ அத எழுது."

அடுத்த வருடம் தங்கை சின்னப்பாப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளையின் அப்பா கோவிந்தராசுக்குக் கனகசெட்டிக்குளத்தில் மளிகைக் கடை. தட்டு மாற்றிய வாரத்திலேயே சின்னப்பாப்பாவுக்குக் கனவு வர ஆரம்பித்தது. ஜரினா ஈரத் தலையோடு கொல்லைவாசலில் நின்று தண்ணீர் கேட்கிறாள். டம்ளர் இல்லை என்கிறாள். சின்னப்பாப்பா சாப்பிட்டதெல்லாம் வாந்தி எடுத்தாள். அம்மா வைத்திக்குப்பத்தில் குறி கேட்டுவிட்டு வந்தாள்.

"பூவாடைக்காரியக் கூப்புடணும்," என்றாள்.

எங்கள் பக்கம் பல வீடுகளில் இது வழக்கம். புருஷன் இருக்கும்போதே பூவும் பொட்டுமாகச் செத்துப்போகிறவள் பூவாடைக்காரி. வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் முதலில் அவளைத் தண்ணீர்த்துறையிலிருந்து பம்பை அடித்துக் கூப்பிட வேண்டும். குடத்தில் அழைத்துவந்து புடவை சாத்திப் படைக்க வேண்டும். அதன்பின் அவள் அந்த வீட்டுச் சாமி. கூப்பிடாமல் விட்டால் கல்யாணப் பெண்ணைப் பிடிப்பாள்.

"யாரக் கூப்புடப்போற?" என்றேன்.

"உன் பொண்டாட்டியத்தான். வேற யாரு செத்தா இங்க?"

"சாமி படத்துக்கிட்டகூட அவள விட்டதில்ல நீ."

"அது உசுரோட இருந்தப்ப."

அம்மாவின் முகத்தில் வெட்கம் இல்லை. பயம்தான் இருந்தது.

"பொடவ பொறந்த வூட்லேருந்து வரணும். போய்க் கேளு," என்றாள்.

"அவரு மொகத்துல துப்புவாரு."

"தொடச்சிக்க. உன் தங்கச்சி வாழணுமா, வேணாமா?"

நான் போகாவிட்டால் அவளே போவாள். போனேன்.

அப்துல் மாலிக்குக்குப் பெரிய மார்க்கெட் பக்கம் குடை ரிப்பேர் கடை. ஒரு குடையைக் கவிழ்த்துப் போட்டுக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"மாமா," என்றேன்.

"மாமான்னு கூப்புடாத. இன்னா வேணும்?"

சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். அவர் குடையை மடக்கி ஓரமாக வைத்தார்.

"என் பொண்ண சாமி ஆக்கப்போறீங்க. அதுக்கு நான் பொடவ எடுத்துத் தரணும்."

"அம்மா கேக்கச் சொன்னாங்க."

"நீ காலேஜ் படிச்சவன்தான? உனக்கு வெக்கமா இல்ல? உங்க வூட்ல செத்தவங்க எல்லாம் சாமி. எங்க வூட்ல செத்தவங்க செத்தவங்கதான். அவ மேல மண்ணு இருக்குது. அதுக்கு மேல அல்லா இருக்கான். நடுவுல உங்கம்மாவுக்கு இடம் கெடையாது."

"உசுரோட இருந்தப்ப நீங்க ஒரு தடவ வந்து பாத்திருக்கலாம்."

"நீ ஒரு தடவ கலிமா சொல்லி இஸ்லாத்துல சேர்ந்திருந்தா வந்திருப்பேன்."

"உங்களுக்கும் அம்மாவுக்கும் ஒரே புத்திதான்," என்றேன்.

"எந்திரிச்சிப் போ. கடையில ஆளு வர்ற நேரம்."

கடையில் ஆள் யாரும் வரவில்லை. இறங்கி நடந்தேன்.

அம்மா தானே போய் ஒரு மஞ்சள் புடவை எடுத்துவந்தாள். சம்பந்தியிடம் பிறந்த வீட்டுப் புடவை என்று சொன்னாள். சிதம்பரத்திலிருந்து வந்ததாம்.

வைத்திக்குப்பம் கடற்கரையில் காலையிலேயே கூட்டம். மீன் ஏலம் முடிந்து பெண்கள் கூடையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். சின்னப்பாப்பா தலையில் குடம். குடத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, வேப்பிலை செருகியிருந்தது. கோவிந்தராசு தன் ஆட்களோடு ஒரு படகு நிழலில் உட்கார்ந்திருந்தார். பம்பைக்காரர் கலியபெருமாள் கால் நனையும்படி நின்று அடித்தார்.

"செல்வாம்பா, வாம்மா. உன் வூட்டுக் கல்யாணம், உன் நாத்தனா கல்யாணம். பொறந்த வூட்டுப் பொடவ காத்துக் கெடக்குது. செல்வாம்பா, வா."

எதுவும் நடக்கவில்லை. யாருக்கும் அருள் வரவில்லை. பாட்டை மாற்றி அடித்தார். வெயில் ஏறியது. சின்னப்பாப்பாவின் கால்கள் மணலில் புதைந்தன. மீன்கூடைக்காரி ஒருத்தி, "அந்தப் பொண்ணுக்கு மாமியா மேல கோவம் தீரல போல," என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

கலியபெருமாள் பம்பையை நிறுத்தினார். அம்மாவை அருகே கூப்பிட்டார். ரகசியமாகப் பேசத் தெரியாத தொண்டை அவருக்கு.

"பேரு அதுதான? நானும் எத்தினியோ வூட்டுக்குக் கூப்புட்டிருக்கேன். பட்டினி கெடந்து செத்தவகூட வந்துட்டா. பேரு தப்புனா மட்டும் வர மாட்டாளுவ."

"அதே பேருதான்," என்றாள் அம்மா.

"பேர்ல இன்னா தகராறு?" என்றார் கோவிந்தராசு, படகு நிழலிலிருந்து.

"ஒண்ணுமில்லங்க அண்ணே," என்றாள் அம்மா.

பிறகு என்னிடம் வந்தாள். என் கையைப் பிடித்தாள்.

"நீ கூப்புடுடா. நீ தாலி கட்டுனவன். உன் வாய்க்கு வருவா."

"நான் தாலி கட்டல. கையெழுத்துப் போட்டேன்."

"எதுவோ ஒண்ணு. கூப்புடு."

"செல்வாம்பாள்னு நம்ம வூட்ல யாரும் சாகல. செத்தவ பேரு உனக்குத் தெரியும். நீ கூப்புடு."

"சம்பந்திக்காரன் உக்காந்திருக்கான்டா."

"தெரியும்."

"உன் தங்கச்சி கல்யாணம் நின்னுபூடும்."

"செத்தவளுக்கும் பொய்ப்பேரு வெக்கணுமா? ஒரே ஒரு தடவ சொல்லு. இல்லன்னா கொடத்த எறக்கி வெச்சிட்டு வூட்டுக்குப் போலாம்."

அம்மா என்னை அப்படி வெறுப்போடு பார்த்து நான் பார்த்ததில்லை. நானும் அதே மாதிரிதான் பார்த்திருப்பேன். அப்போது சின்னப்பாப்பா, "யம்மா, கனக்குது," என்றாள். அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. கடலைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஜரினா," என்றாள்.

"அலைச் சத்தம். காதுல வுழல," என்றார் கலியபெருமாள்.

"ஜரினா. ஜரினா, வாம்மா."

பம்பை எழுந்தது. கலியபெருமாள் பெயரை வாங்கிக்கொண்டு நீட்டி நீட்டிப் பாடினார். சின்னப்பாப்பா ஆடினாள். மண்டியிட்டு விழுந்தாள். குடத்துத் தண்ணீர் அவள் முகத்தில் வழிந்தது. "தண்ணி," என்றாள். "என் டம்ளர் எங்க?" என்றாள். மீன்கூடைப் பெண்கள் குலவை போட்டார்கள். அம்மா மணலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

அருளா, கை ஓய்ந்து விழுந்தாளா என்று எனக்குத் தெரியாது. டம்ளர் விஷயம் சின்னப்பாப்பாவுக்குத் தெரியாததல்ல. தினம் பார்த்தவள்தான்.

கோவிந்தராசு எழுந்து என்னிடம் வந்தார்.

"துலுக்கப் பொண்ணா?"

"ஆமாம்."

"மறைச்சிட்டீங்க."

"மறைச்சிட்டோம்."

அவர் ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பத் தயாரானார்கள். அவர் சின்னப்பாப்பாவைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

"நீங்க பண்ணது அயோக்கியத்தனம்," என்றார். "ஆனா கூப்ட்டாச்சு. வந்துட்டா. இப்ப நான் நடுவுல எந்திரிச்சிப் போனா, அது என் வூட்டுக்கு வரும். சூடத்த ஏத்துங்க."

கல்யாணம் நடந்தது. எவளை மறைத்தால்தான் நடக்கும் என்று இருந்தார்களோ, அவளுக்குப் பயந்தே நடந்தது. வந்திருந்தவர்கள் எல்லாரும் குடத்தின் முன்னால் விழுந்து எழுந்தார்கள். கோவிந்தராசின் மனைவி தன் பேரப்பிள்ளைகளுக்கு ஜரினா பெயரைச் சொல்லி விபூதி பூசினாள்.

குடத்தை அம்மா சாமி படங்களுக்கு நடுவில் வைத்தாள். மஞ்சள் புடவையைக் கொசுவி அதற்குச் சுற்றினாள். வெள்ளிக்கிழமைதோறும் குங்குமப் பொட்டு வைத்தாள். ஜரினா தலை நிறையப் பூ வைப்பாள். பொட்டு வைத்ததில்லை. அதற்காக அம்மாவுக்கும் அவளுக்கும் நடந்த சண்டை கொஞ்சமல்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டுட்டோரியலிலிருந்து வந்ததும் அந்தப் பொட்டை நான் துடைப்பேன். மறு வெள்ளி அம்மா மறுபடி வைப்பாள். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வேறு எதைப் பற்றியும் பேசவில்லை.

அலுமினிய டம்ளரையும் அம்மா கொல்லைப்புறத்திலிருந்து எடுத்துவந்திருந்தாள். புளி போட்டு விளக்கி, மஞ்சள் தடவி, தண்ணீர் நிரப்பிக் குடத்தின் முன்னால் வைத்தாள். வீட்டுக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரி அதை எடுக்கப் போனபோது கத்தினாள்.

"அதத் தொடாத. அது அவ டம்ளரு. வேற யாரும் தொடக் கூடாது."

இதையேதான் முன்பும் வாய் திறக்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பாடத்தில் மூன்றாவது கட்சியை அன்று பலகையில் அடிக்கோடிட்டேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் அப்துல் மாலிக் வந்தார். குடைக்காரர் குடையில்லாமல் வந்தார். வாசற்படியில் நின்றே பேசினார்.

"என் பொண்ணு பேரச் சொல்லிச் சூடம் கொளுத்துறீங்களாமே. மார்க்கெட் முழுக்கச் சிரிக்குது."

"சிரிக்கிறவன் வாய் வெந்துபூடும்," என்றாள் அம்மா. "அவ எங்க பூவாடைக்காரி."

"அந்தப் பேர எடுத்துடுங்க. வேற பேரு வெச்சிருந்தீங்களாமே, அதச் சொல்லிக் கும்புடுங்க. மண்ணக் கும்புடுங்க, மரத்தக் கும்புடுங்க. எனக்கு இன்னா? நான் வெச்ச பேர வுட்டுடுங்க."

"பேர மாத்துனா அவ வர மாட்டா."

"வர வேணாம். அவள சும்மா இருக்க வுடுங்க."

"உங்க தர்காவுல சந்தனம் பூசறீங்க, கொடி ஏத்தறீங்க. அது மட்டும் இன்னாவாம்?"

"அவங்க அவ்லியா, பெரிய மகானுங்க. என் பொண்ணு அவ்லியா இல்ல. குடை தெக்கிறவன் பொண்ணு."

"உனக்குப் பொண்ணு. எங்களுக்குச் சாமி. ஜரினா பேர எடுக்க நீ யாருய்யா?"

இரண்டு வருடம் அந்தப் பெயரை நாக்கில் படவிடாதவள் அதற்காக மல்லுக்கு நின்றாள். கடற்கரையில் நான் பிடிவாதமாக வாங்கித் தந்த பெயர். அவளுக்கென்று வாங்கியது அவர்களுடைய சாமிக்குத்தான் பயன்பட்டது என்பதை இப்போதுதான் பார்த்தேன்.

அப்துல் மாலிக் என் பக்கம் திரும்பினார். மழைநீர் தாடியில் சொட்டியது.

"நீ சொல்லு. படிச்சவன். அவ இங்கயா இருக்கா?"

"இல்ல," என்றேன்.

"வாயக் கழுவுடா," என்றாள் அம்மா.

"அங்கயும் இல்ல," என்றேன் அவரிடம். "நீங்க ரெண்டு பேரும் அவள வெச்சிக்கிட்டு சண்ட போடறீங்க. கல்யாணமானப்புறம் அவகிட்ட ரெண்டு பேரும் ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சதில்ல."

அவர் இருமினார். வெகுநேரம் இருமினார். நான் உள்ளே போனேன். குடத்தின் முன்னாலிருந்த டம்ளரை எடுத்தேன். அதன் மஞ்சளைச் சட்டையில் துடைத்தேன். பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பானையில் மொண்டு வந்து அவரிடம் நீட்டினேன்.

"குடிங்க. ஜரினா குடிச்ச டம்ளர்."

வாங்கினார். விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தார். துடைத்தும் போகாத மஞ்சள் அவர் விரலில் ஒட்டியது.

"சாமிக்கு வெச்சதா?"

"ஆமாம்."

"இதுல நான் குடிக்க மாட்டேன்," என்று திருப்பிக் கொடுத்தார்.

அம்மாவிடம் நீட்டினேன்.

"நீ குடி."

"அடப் பாவி, அது அவ டம்ளர்டா," என்று பின்வாங்கிச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

நான் குடித்தேன். மஞ்சள் வாடை அடித்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். குடித்து முடித்துக் கொல்லைப்புறம் போய், டம்ளரைக் கழுவி, மாடத்தில் பழையபடி கவிழ்த்தேன்.

திரும்பி வந்தபோது வாசலில் அவர் இல்லை. அம்மா குடத்தின் முன்னால் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்து, அதற்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.