மத்தேயு கண்ட எண்ணெய்

கடலில் எண்ணெய் கண்டால் வாயைத் திறக்கக்கூடாது. முல்லைத்தீவுக் கரையில் பிறந்த எவனுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சூடை மீன் கூட்டமாய்க் கீழே நின்றால், அதன் நெய் மேலே கசிந்து, அந்த இடத்தில் மட்டும் அலை அடங்கி, தண்ணீர் வழுவழுவென்று மினுங்கும். அதைத்தான் அவர்கள் எண்ணெய் என்பார்கள். அந்தச் சொல்லுக்குக் கரையில் இருந்த மரியாதையைச் சும்மா சொல்லக்கூடாது. மகளுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் பொருந்திவிட்டாலும் "அவன் எண்ணெய் கண்டிட்டான்" என்றுதான் ஊர் பேசும். ஆனால் கடலில் வைத்து அதை உச்சரிக்கமாட்டார்கள். கண்டவன் துடுப்பை ஒருமுறை உயர்த்துவான். அதோடு வள்ளத்தில் பேச்சு நின்றுவிடும். வலை வளைத்து முடியும்வரை இருமல் வந்தாலும் விழுங்கவேண்டும். சத்தம் கேட்டால் மீன் இறங்கிவிடும்.

மத்தேயுவும் அப்படித்தான் செய்தான். ஊர்வழக்கில் ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை. அதுதான் பிறகு அவனை உயிரோடு தின்றது.

அறுபத்திரண்டாம் ஆண்டு ஆனி மாதம். அவனுடைய தங்கை புனிதத்தின் புருஷன் மரியநேசன், அந்தக் கரையிலேயே முதல் ஆளாய் வள்ளத்துக்கு எஞ்சின் பூட்டி மூன்று மாதம் ஆகியிருந்தது. "மண்ணெண்ணெய் குடிக்கிற குதிரை" என்று மத்தேயு அதை நக்கலடிப்பான். மரியநேசன் சிரித்துக்கொண்டே, "உங்களையும் ஒருநாள் ஏத்திக்கொண்டு போறன் மச்சான்" என்பான். ஒருநாள் அவனுடைய கூட்டாளிக்குக் காய்ச்சல். பின்னேரம் மரியநேசன் தனியே தூரத்துக்குப் போனான், மறுநாள் மத்தியானம் வருவதாகச் சொல்லி.

மறுநாள் விடிய மத்தேயு தொழிலுக்குப் போனான். கூட வந்தவன் தவராசா. முள்ளியவளை வயல்காரன், கடல் அவனுக்குப் புதிது. சூரியன் எழும்பி நேரே கண்ணில் குத்திக்கொண்டிருந்தது. காற்று முதுகுப்பக்கம் கரையிலிருந்து வீசியது. முன்னால், கிழக்கே, ஒரு வீட்டு வளவு அளவுக்கு எண்ணெய் விரிந்து கிடந்தது.

மத்தேயு துடுப்பை உயர்த்தினான்.

மேலே ஒரு கடற்காகம்கூடப் பறக்கவில்லை. ஓரங்களில் ஊதாவும் பச்சையும் தெரிந்தன. வெயில் படுகிற விதம் என்று நினைத்துக்கொண்டான். இருபத்தைந்து வருஷம் கடலில் கிடந்தவன், இதை யோசித்திருக்கக்கூடாதா? யோசிக்கவில்லை. எஞ்சின் கசிந்த எண்ணெயை அதுவரை அந்தக் கடலில் எவன் கண்டான்?

வலையை இறக்கிப் பாதி வளைத்திருந்தபோது தவராசா அவன் தோளைத் தொட்டான். வெயில் கூசுகிற பக்கமாய்க் கையைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தான். மத்தேயு கண்ணை உருட்டி, விரலை உதட்டில் வைத்தான். தவராசா வாயை மூடிக்கொண்டான். சம்பளத்துக்கு வந்தவன், வேறென்ன செய்வான்.

வலை வெறுமையாய் வந்தது. மண்ணெண்ணெய் மணம் மூக்கில் அடித்தது. லாம்புப் போத்தில் கவிண்டுவிட்டது என்று மத்தேயுவுக்குச் சன்னதம் வந்தது. "போத்திலை இறுக்கி மூடத் தெரியாதே உனக்கு? மீனும் போச்சு, வலையும் நாறுது." தவராசா மூடியிருந்த போத்திலை எடுத்துக் காட்டினான். மத்தேயு அதைப் பார்க்கக்கூட இல்லை. துடுப்பு வலித்து வள்ளத்தைக் கரைக்குத் திருப்பினான்.

மரியநேசன் மத்தியானம் வரவில்லை. பொழுது படவும் வரவில்லை. அடுத்தநாள் வள்ளங்கள் எல்லாம் போய்த் தேடின. மூன்றாம் நாள் தெற்கே ஒரு மண்ணெண்ணெய்த் தகரம் அகப்பட்டது. அதன் பிடியில் மரியநேசன் உடுத்திருந்த சாரம், பிடித்துத் தொங்குவதற்கு வசதியாய்க் கட்டியிருந்தது. மத்தேயு அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தான். பதறியவன் போட்ட முடிச்சு இல்லை. தண்ணீரில் கிடந்தபடி, நிதானமாய், இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கியிருந்தான். வள்ளம் மூழ்கிய பிறகும் மணிக்கணக்காய் உயிரோடு மிதந்திருக்கிறான்.

தான் கண்ட எண்ணெய் எது என்று மத்தேயுவுக்கு அப்போதுதான் விளங்கியது.

ஒரு கிழமைக்குள் தவராசா வேலையை விட்டான். முரசுமோட்டையில் வயல் வேலை கிடைத்திருக்கிறது என்றான். போகும்போது, அன்றைக்கு வெயில் பக்கத்திலிருந்து தன் காதில் விழுந்த ஒரு சொல்லை மத்தேயுவிடம் சொன்னான். "நான் சொல்ல வந்தனான் அண்ணை. நீங்கள்தான் விரலை வைச்சியள்." அவ்வளவுதான். சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் மத்தேயுவுக்கு எவ்வளவோ ஆறுதலாய் இருந்திருக்கும்.

புனிதம் அழவில்லை. கறுப்புச் சேலை உடுக்கவில்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்குக் கொடுப்போமா என்று கேட்டவர்களிடம், "கப்பல்காரர் ஆரும் ஏத்தியிருப்பினம். வந்திடுவார்" என்றாள். அந்தோனியார் படத்துக்கு முன்னால் ஒரு கிளாசில் தண்ணீர் விட்டு, மேலே விரற்கடை தேங்காயெண்ணெய் ஊற்றி, திரியை மிதக்கவிட்டு எரித்தாள். பக்கத்தில் அந்தத் தகரம்.

மத்தேயு பின்னேரங்களில் அங்கே போய் இருப்பான். போகாமலும் இருக்க முடியவில்லை. அவள் ஒவ்வொரு நாளும் அவன் முகத்தை நேரே பார்த்து அதையே சொல்வாள்: "கப்பல்காரர் ஏத்தியிருப்பினம், என்ன அண்ணை?" அவன் கண் கிளாசுக்குப் போகும். தண்ணீரின்மேல் எண்ணெய் அசையாமல் கிடக்கும். "இருக்கும் பிள்ளை" என்பான். வீட்டில் குழம்பின்மேல் எண்ணெய் மிதந்தால் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்புவான். மழை பெய்து ரோட்டில் பஸ் நின்ற இடத்தில் ஊதாவும் பச்சையும் தேங்கியிருந்தால், சைக்கிளை உருட்டிக்கொண்டு சுற்றிப் போவான். அந்தப் பக்கமாய் நடந்தால் யாரோ கூப்பிடுவதுபோல் இருக்கும். அவனுக்குப் பயமாய் இருந்தது.

பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தான். தெரியாமல் செய்தது பாவமில்லை என்றார் அவர், ஆனால் தங்கையிடம் மறைப்பது வேறு என்றார். தவராசா சொன்ன அந்த ஒரு சொல்லை மட்டும் அவரிடமும் மத்தேயு சொல்லவில்லை.

முப்பதாம் நாள் பின்னேரம். புனிதம் திரி மாற்றிக்கொண்டிருந்தாள். "கப்பல்காரர்..." என்று தொடங்கினாள்.

"இல்லைப் பிள்ளை," என்றான் மத்தேயு. "ஒருத்தரும் ஏத்தேல்லை. அண்டைக்கு விடிய நான் எண்ணெய் கண்டனான். மீன் எண்டு வலை வளைச்சனான். அது அவரின்ரை எஞ்சின் எண்ணெய்."

அவள் திரும்பவில்லை. திரியை நிமிர்த்திவிட்டு விரலைச் சேலையில் துடைத்தாள்.

"எனக்குத் தெரியும் அண்ணை. அண்டைக்கு உங்கடை வலையைக் காயப்போட்டது நான்தானே. மண்ணெண்ணெய் நாறினது. எங்கை வலை விட்டனியள் எண்டு நான் ஒரு சொல் கேட்டிருந்தால், மத்தியானமே வள்ளங்கள் போயிருக்கும். நானும் லாம்பு எண்ணெய் எண்டுதான் நினைச்சன். பொழுது படத்தான் எனக்கு நெஞ்சு திக்கெண்டது. நீங்கள் வாய் திறந்தால் நானும் சொல்லலாம் எண்டு முப்பது நாளாய்க் காத்துக்கொண்டிருந்தனான்."

இரண்டு பேரும் அழுதார்கள். முப்பது நாள் அடைத்துக் கிடந்தது அவிழ்ந்ததில் மத்தேயுவுக்கு மூச்சு லேசாயிற்று. எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தான்.

"அண்ணை," என்றாள் புனிதம். "அவர் கூப்பிட்டவரோ?"

அவன் கண் மறுபடி கிளாசுக்குப் போனது.

"சொல்லுங்கோ. இனி என்னத்தை மறைக்கிறது?"

"எனக்குக் கேக்கேல்லை. எதிர்க்காத்து. தவராசாவுக்குத்தான் கேட்டதாம்."

"என்னெண்டு கூப்பிட்டவர்?"

"மச்சான் எண்டு."

அந்தக் கரை முழுக்க மரியநேசனுக்கு இருந்தது ஒரேயொரு மச்சான்தான். புனிதம் தகரத்தின் பிடியில் கையை வைத்துக்கொண்டாள். அவள் முகம் முப்பது நாளில் முதல் தடவையாய்த் தெளிந்தது.

"அப்ப அவர் உங்கடை வள்ளத்தைக் கண்டவர்," என்றாள். "நீங்கள் வந்திட்டியள் எண்டு அவருக்குப் பயம் போயிருக்கும்."

அவள் அதை ஆறுதலாய்த்தான் சொன்னாள். பிறகு எழுந்து, நாளைப் பூசைக்குக் கறுப்புச் சேலை எடுக்க அலுமாரியைத் திறந்தாள். மத்தேயு உதட்டில் விரலை வைத்தபடி அந்தக் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தான்.